எட்டுக்குக் குறையாமல்

என் அத்தை எதையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. இட்லிப் பானையின் பக்கவாட்டு, காய்ச்சலில் கிடக்கும் என் நெற்றி, வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டு, எதுவானாலும் புறங்கைதான். வலது கையைத் திருப்பி, விரல் முட்டிகளால் மெல்ல ஒற்றி எடுப்பாள். ஏன் என்று கேட்டதற்கு ஒரே ஒரு தடவை காரணம் சொன்னாள். மோட்டாரில் கரண்ட் கசிந்தால் உள்ளங்கை அதைக் கவ்விக்கொள்ளும், புறங்கை உதறிக்கொண்டு வந்துவிடும். மில்லில் கற்றுக்கொண்டதாம். மூன்று வருடம் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்த எனக்கு எந்த வாத்தியாரும் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருப்பார்கள், நான் அன்றைக்கு வகுப்புக்குப் போயிருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு மூத்தவள். முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் நேரம் இல்லை என்று மட்டும் சொல்வாள், அதற்கு மேல் கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. இருபத்திரண்டு வருடம் மில்லில் நூல் சுற்றினாள். மில் மூடிய பிறகு, டவுனில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அந்த அளவுக்கு என்னை வேலை வாங்கியிருக்கிறாள்.

"எத்தன தாங்கும்?" இதுதான் அவளுடைய கேள்வி. கடையில் கொடி வாங்கினால் ஈரப்புடவை எத்தனை தாங்கும் என்று கேட்பாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள் என்றால், அந்தக் கொடியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவாள். ஷேர் ஆட்டோவில் ஐந்தாவது ஆள் ஏறினால் இவள் இறங்கி நடப்பாள். டிரைவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவளுக்குக் காது கேட்காது என்பது வேறு விஷயம், கேட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள்.

என் கல்யாணத்தில் மண்டபம் முழுக்க சீரியல் செட் கட்டியிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அத்தை சுவரிலிருந்த பிளக்கில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. யாரையும் கேட்கவில்லை. பாதி விளக்கைப் பிடுங்கிவிட்டாள். இன்றைக்கும் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் நான் வெளிச்சத்திலும் என் மனைவி இருட்டிலும் உட்கார்ந்திருக்கிறோம். அவள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இதை வேண்டுமென்றே செய்ததாக இன்னும் நம்புகிறார்கள்.

இந்தக் குணம் மில்லிலிருந்து வந்ததா, இல்லை இந்தக் குணத்தோடுதான் மில்லுக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது. அங்கே ஒருத்திக்கு முப்பது கதிர், நூல் சுற்றும் கம்பிகள். முப்பதிலும் நூல் ஓடும், அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். ஒரு நாள் மேஸ்திரி வந்து இன்னும் பத்துக் கதிரைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அத்தை முடியாது என்றாள். ஒரு ஆள் முப்பதுதான் தாங்கும், நாற்பதாவது கதிருக்கு ஓடும்போது முதல் கதிரில் விரல் போகும் என்றாள். எட்டு நாள் சஸ்பெண்ட். எட்டு நாளும் காலையில் ஷிப்ட் சங்கு ஊதும்போது கேட்டுக்கு எதிரே வந்து நின்றுவிட்டு, உள்ளே எல்லாரும் போன பிறகு வீட்டுக்குத் திரும்பினாளாம்.

அந்தப் பத்துக் கதிர் பிலோமியிடம் போயிற்று. குருசுக்குப்பத்துக்காரி. அடுத்த மெஷினில் நின்றவள், அத்தைக்கு இருந்த ஒரே சிநேகிதி. வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன், அதனால் மேஸ்திரியிடம் முடியாது என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. அத்தை வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் பிலோமியின் இடது சுட்டுவிரல் நுனி பல்சக்கரத்தில் போய்விட்டது.

இதை அத்தை தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சொன்னதுதான். அந்த விரலைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை என்றும் அவர்தான் சொன்னார். பிலோமியம்மா வாராவாரம் மீன் கொண்டு வந்து கொடுப்பார். அத்தை அவருக்கு முறுக்குச் சுட்டுக் கொடுப்பாள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். அதுவும் வாயால் இல்லை, மில்லில் பழகிய கைப்பேச்சால். மெஷின் ஓடும் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது என்பதால் அங்கிருந்த பெண்கள் எல்லோரும் விரலாலும் உதட்டாலும் பேசக் கற்றிருந்தார்கள். மேஸ்திரி வருகிறார் என்பதற்கு மீசையைத் தடவ வேண்டும். நூல் அறுந்துவிட்டது என்பதற்கு இடது சுட்டுவிரலை மடக்கிக் காட்ட வேண்டும். பிலோமியம்மா அந்த ஒன்றை மட்டும் நடுவிரலால் காட்டுவார்.

அந்த மெஷின் சத்தத்தில்தான் எல்லோருக்கும் காது போயிற்று. முழுக்கப் போகவில்லை. லாரி கேட்கும், இடி கேட்கும். மனிதர் பேச்சில் மட்டும் பாதி எழுத்து உதிர்ந்துபோய் மீதி ஒரு முனகலாக வருமாம். அரசாங்கத்தில் கொடுத்த காது மெஷினை அத்தை ஒரு வாரம் மாட்டிப் பார்த்தாள். காதுக்குள் பால்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான் என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டாள்.

இனி ரிசீவர் கதை. அத்தை வேலை பார்த்த வீட்டு மதாமின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எழுபதுகளில் லீவில் வந்தபோது கப்பலில் கொண்டுவந்த ஸ்டீரியோ ரிசீவர் அது. வெள்ளி முகம், உருட்டுக் குமிழ்கள், ஸ்விட்ச் போட்டால் பச்சை வெளிச்சம். ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் ஒரே பெட்டிக்குள். ஒரு நாள் மதாம் அதில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது, தூசு துடைக்கப் போன அத்தை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் புறங்கையை வைத்தாள். அதே சமயம் மதாம், எழுத்தைக் கூர்மையாக்கும் ட்ரெபிள் குமிழைத் திருகியிருக்கிறார். வேலையைப் போட்டது போட்டபடி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள் அத்தை.

"மழ வரும்னு சொன்னாடா ஒருத்தி. ஒரு எழுத்து கொறையல. முழுசா கேட்டுச்சு."

அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சந்தோஷம் என்றுகூடச் சொல்ல முடியாது. திருடு போன பொருளை அடுத்தவர் வீட்டில் பார்த்துவிட்டவளின் முகம்.

இந்த ஊரில் யாராவது ஒருவர் எப்போதும் பிரான்சுக்குப் பெட்டி கட்டிக்கொண்டேதான் இருப்பார். மதாமும் மகனோடு இருக்கப் போனார். போகும்போது அந்த ரிசீவரை அத்தைக்குக் கொடுத்தார். கூட இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளைக் கரையான் தின்றிருந்தது. நானும் அப்பாவும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கனத்தில் அப்பாவுக்கு மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை. டவுனில் ஒரு கஃபேக்காரர் அலங்காரத்துக்கு வைக்க அதைக் கேட்டு ஆள் அனுப்பினார். அத்தை அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அவளுக்கு அது எதற்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். மில்லின் கடைசி நாளன்று கேட்டில் வைத்துப் பதிந்தது. யாரோ ஒருவர் சின்ன டேப்ரிக்கார்டர் கொண்டுவந்திருக்கிறார். நூல் சுற்றும் பெண்கள் ஒவ்வொருத்தியாக அதன் முன் வந்து தன் டோக்கன் நம்பரையும் பேரையும் சொல்லியிருக்கிறார்கள். பிலோமியம்மா மட்டும் நம்பரும் பேரும் சொன்ன பிறகு நகரவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். நடுவில் கூட்டம், பின்னால் கோஷம், உதடு சரியாகத் தெரியவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, அதிலேயே இருக்கிறது கேட்டுக்கொள் என்று கை காட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

அத்தை கேட்டுப் பார்த்தாள். சின்ன டேப்பைக் காதில் ஒட்ட வைத்தாலும் கொசு பறக்கிற மாதிரிதான் இருந்தது. அப்பாவைக் கேட்கச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்கச் சொன்னாள், என்னையும் கேட்கச் சொன்னாள். நூற்று முப்பத்தேழு, பிலோமி, அதற்கப்புறம் ஒரே இரைச்சல். நானும் அதையேதான் சொன்னேன். பிலோமியம்மாவிடமே போய்க் கேட்டால், எப்போதோ சொன்னது, மறந்துவிட்டது என்றார். மறக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது, அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா.

அந்த வருடம் பிலோமியம்மாவின் மகள் அவரைப் பிரான்சுக்கு அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டாள். மருமகன் பிரெஞ்சு நேஷனாலிட்டி. போனால் திரும்பி வருகிற வயது இல்லை. அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அவ போறதுக்குள்ள நான் அத கேக்கணும். அவள பக்கத்துல வச்சிக்கினு கேக்கணும். போன்ல பேசி பதில் சொல்ல எனக்கு காது இல்ல."

கேசட் கேட்க என்று பிலோமியம்மாவை மட்டும் கூப்பிட்டால் வர மாட்டார் என்று, அன்று கேட்டில் நின்றவர்களில் மிச்சமிருந்த ஏழு பேரையும் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். ஏழு பேர் என்றால் இரண்டு ஸ்பீக்கர் போதாதாம், எல்லோருக்கும் கை வைக்க இடம் வேண்டுமாம். அதனால் நான்கு பெட்டிகள். நான் தேடிப் பிடித்து ஒரே மாதிரி நான்கு பழைய பெட்டிகளும், ரிசீவரில் மாட்ட ஒரு கேசட் டெக்கும் வாங்கிவந்தேன். ரிசீவருக்குப் பின்னால் ஏ என்று இரண்டு, பி என்று இரண்டு, ஆக நான்கு பெட்டிக்கு இடம் இருந்தது. முன்னால் ஏ, பி என்று இரண்டு பட்டன். நான்கையும் மாட்டி இரண்டு பட்டனையும் அமுக்கி, ஒரு பாட்டை வைத்து சத்தத்தை ஏற்றினேன். வீடே அதிர்ந்தது. நான் மார்பு நிமிர்த்தி நின்றேன்.

பத்து நிமிஷம் இருக்கும். அத்தை ரிசீவரின் தலையில் புறங்கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தாள்.

"நிறுத்துடா. தாங்கல."

பழைய செட் அத்தை, அந்தக் காலத்துப் பொருள் சுடத்தான் செய்யும் என்றேன். அவளிடம் கத்தித்தான் சொல்ல வேண்டும், கத்திச் சொன்னேன். என்னுடைய டிப்ளமோவையும் நினைவுபடுத்தினேன். அவள் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கப் போனாள். அதற்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ் அணைந்த மாதிரி ஒரு நாற்றம் வந்தது. வலது பக்கம் இரண்டு பெட்டியும் ஊமையாகிவிட்டன.

அன்றைக்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து என்னிடம் கொடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

உழவர்கரையில் பழைய செட்டுகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். அவர் திறந்து பார்த்துவிட்டு எத்தனை ஓம் போட்டீர்கள் என்று கேட்டார். நான் விழித்தேன். அத்தை அவர் உதட்டைப் படித்து, ஓம் என்றால் என்ன என்று கேட்டாள். அவர் பழைய பேப்பர் ஓரத்தில் படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பர் குறையக் குறைய அது ரிசீவரிடமிருந்து கரண்டை அதிகமாக இழுக்கும். இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றும் நாலு ஓம். ஏ பட்டனையும் பி பட்டனையும் சேர்த்து அமுக்கியதால் ஒரு பக்கத்துக்கு இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று இழுத்திருக்கின்றன. நாலும் நாலும் அப்படி நின்றால் கணக்குக்கு இரண்டு ஓம் ஆகிவிடும். அதை ரிசீவர் தாங்காது. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் என்று வரிசையாகக் கட்டினால் எட்டு ஆகும்.

அத்தை அந்தப் படத்தின் மேல் விரலை வைத்துத் திருப்பிச் சொன்னாள். "பக்கத்துல பக்கத்துல நின்னா ரெண்டு. வரிசையா நின்னா எட்டு. நம்பர் கொறஞ்சவன் நெறைய இழுப்பான். சரிதானே?"

அவர் என்னைப் பார்த்துவிட்டு, அம்மா படிக்காதவங்களா என்று கேட்டார். நான் வெளியே போய் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

வலது பக்கத்துக்குப் புது டிரான்சிஸ்டர் போட்டுக் கொடுத்தார். அந்த மாதிரியில் தன்னிடம் இருந்த கடைசி ஜோடி அது என்றார். இன்னொரு தடவை போனால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம், மேலே பூச்சாடி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். அத்தை அதற்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் ரிசீவரைச் சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பச் சொன்னாள். அதன் முதுகில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் அப்படியே வரைந்தாள். ஏ மாதிரி ஒரு கூரை, பக்கத்தில் 4. பி மாதிரி இரண்டு தொப்பை, பக்கத்தில் 4. மூன்றாவது வரியில் கூரை, கூட்டல் குறி, தொப்பை, பக்கத்தில் 8. ரிசீவர் கடலைத் தாண்டி வந்த நாளிலிருந்து அது அதன் முதுகிலேயே இருந்திருக்கிறது.

"ரெண்டு பட்டனையும் அமுக்குனா ஒவ்வொரு பெட்டியும் எட்டுக்கு கொறையக் கூடாதுன்னு போட்டிருக்கான். நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் செய்த அட்டூழியத்தைச் சொல்லி மாளாது. என் மல்ட்டிமீட்டரைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நாலு ஓம் பெட்டி மீட்டரில் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், வரிசையாகக் கட்டினால் ஆறரை காட்டும், அது சரிதான் என்று ரிப்பேர்காரர் சொல்லியிருந்தார். தினமும் நான்கு பெட்டியையும் ஒவ்வொன்றாக அளந்து காலண்டரில் எழுதினாள். நேற்று மூன்று காட்டிய பெட்டி இன்றைக்கு வேறு எதுவும் காட்டப்போவதில்லை என்று நான் கத்தினேன். அத்தைக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தாள். அந்த வித்தியாசத்தை எங்கள் வீட்டில் யாராலும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மிக்சி வயரை அளந்தாள், இஸ்திரிப் பெட்டியை அளந்தாள், பக்கத்து வீட்டு வாசல் மணியை அளந்து அதைக் கெடுத்தும் வைத்தாள்.

பிலோமியம்மாவுக்கு சனிக்கிழமை ப்ளேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் நான் போய் வயர் எல்லாம் கட்டி வைத்தேன். ஏ மட்டும், பக்கத்துக்கு இரண்டு பெட்டி, வரிசையாக. பி பட்டனை யாரும் அமுக்காமலிருக்க அதன் மேல் அத்தை பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

வியாழக்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். நல்ல புடவை, தலையில் பூ. முன் அறையில் நாற்காலி பற்றாமல் பாய் விரித்தோம். ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காததால் அறை அமைதியாக இருந்தது, கைகள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. பிலோமியம்மா கதவோரம், செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்ததிலிருந்து துணி மடிக்க வேண்டும், பெட்டி கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே மூட்டை போட்ட மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் கேசட்டைப் போட்டுவிட்டு ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அத்தை தடுத்தாள். மீட்டரை எடுத்தாள். ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றி இடது பக்கத்தை அளந்தாள். ஆறரை. வலது பக்கத்தை அளந்தாள். ஒன்றரை.

புதன்கிழமை அந்தப் பக்கத்து வயரைக் கட்டும்போது எனக்கு ஒரு போன் வந்தது. கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டே கை போன போக்கில் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று கட்டியிருக்கிறேன். எல்லாரும் கட்டுகிற பழக்கம் அது. இரண்டு பெட்டியும் மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

அவிழ்த்துக் கட்ட கால் மணி நேரமாவது ஆகும். பிலோமியம்மா எழுந்துவிட்டார். கிளம்புகிறேன் என்று கை காட்டினார். நான் அத்தையின் முகத்துக்கு நேரே குனிந்து, சத்தத்தைக் கம்மியாக வைத்துப் போட்டுவிடலாம், ஒரு பத்து நிமிஷம் தாங்கும் என்றேன். மற்றவர்களும் பரவாயில்லை, வை என்றார்கள். அவர் போய்விட்டால் இந்த மூன்று வாரமும் வீண் என்று எனக்குப் பதறியது.

அத்தை யாரையும் பார்க்கவில்லை. "ஒன்ற தாங்காது," என்றாள். "சத்தம் கம்மியா வச்சா எங்களுக்கு கேக்காது. ஏத்துனா போயிரும். அவுரு."

பிறகு நேராகக் கதவுக்குப் போய், பிலோமியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து, ஒரு வயர் நுனியை அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இத புடி. விட்டுட்டு போவாத."

அவர் பிடித்தார். நுனி இல்லாத சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் செம்புக் கம்பி. நான் தரையில் உட்கார்ந்து அவிழ்த்தேன், சீவினேன், முறுக்கினேன். ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில். என் முதுகில் வேர்வை ஊற்றியது. அந்தக் கால் மணி நேரமும் அத்தை பிலோமியம்மாவின் எதிரில் நின்றாள். நான் முடித்ததும் மறுபடி அளந்தாள். ஆறரை. இடது பக்கத்தையும் மறுபடி அளந்தாள், அதை யாருமே தொடவில்லை என்றாலும். ஆறரை. அதற்கப்புறம்தான் ஸ்விட்சைப் போடச் சொன்னாள்.

பச்சை வெளிச்சம் வந்தது. ட்ரெபிளை முழுக்கத் திருகினேன், சத்தத்தை ஏற்றினேன். பெண்கள் நகர்ந்து வந்து நான்கு பெட்டிகளையும் சுற்றி உட்கார்ந்து, மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்கள். முதலில் கோஷம் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், நூற்றுப் பன்னிரண்டு என்றது. பாயின் மேல் இருந்தவர்களில் ஒருவர் விசுக்கென்று நிமிர்ந்து தன் மார்பைத் தொட்டுக்கொண்டார். அடுத்து ஒரு நம்பர், அடுத்து ஒரு பேர். சிலர் அந்த அறையில் இருந்தார்கள், பலர் இல்லை. அத்தை இடது பக்கத்துப் பெட்டியில் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நூத்தி முப்பத்தேழு. பிலோமி."

நான் சின்ன டேப்பில் இரைச்சல் என்று ஒதுக்கிய இடம் வந்தது. இரைச்சலுக்குள் ஒரு குரல் இருந்தது. கத்திக் கத்திப் பேசும் குரல், எல்லா எழுத்தும் இருந்தது.

"அந்த பத்து கதிர நீ வேணான்னது சரி. நான் வாங்குனது நானா வாங்குனது. உன்னால போவல. வெரலு என்னுது. இதோட விடு."

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. திரும்ப வைக்கச் சொல்லி கையால் சுற்றிக் காட்டினாள். வைத்தேன். இன்னொரு தடவை என்றாள். மூன்றாவது தடவை அந்தக் குரலோடு சேர்ந்து அவள் உதடும் அசைந்தது. அந்த எட்டு நாளும் கேட்டுக்கு எதிரே நின்று யார் உள்ளே போவதைப் பார்த்தாள், அதற்கப்புறம் அத்தனை வருடமும் எதைச் சுமந்துகொண்டு முறுக்குச் சுட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. நான் கேசட் டெக்கைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

பிலோமியம்மா அழுதுகொண்டிருந்தார். அத்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை கைப்பேச்சு இல்லை, வாயாலேயே பேசினாள்.

"இத அன்னிக்கே என் காதுல சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உனக்கு எங்கடி காது கேக்குது," என்றார் பிலோமியம்மா.

ஏழு பேரில் எத்தனை பேருக்கு அது கேட்டது என்று தெரியவில்லை, ஆனால் உதட்டைப் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அந்த ரிசீவர் இப்போது என் வீட்டில் இருக்கிறது, பி பட்டனில் அவள் ஒட்டிய பிளாஸ்திரியோடு. இரண்டே பெட்டி மாட்டியிருக்கிறேன், மாட்டுவதற்கு முன் அளந்துதான் மாட்டினேன். ஆனால் அவள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த வியாழக்கிழமை மத்தியானம்தான். சிரிப்பு அடங்கும் முன்பே அத்தை எழுந்து ரிசீவரிடம் போனாள். கையைத் திருப்பி அதன் தலையில் புறங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தாள், எடுக்கவில்லை.

"சுடல," என்றாள். "மொதல்லேருந்து வை."